கைப்பேசிக்குள் புகுந்த கங்காணி

(கிள்ளானில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வேலை காரணமாக வர இயலாதவர்கள் வீட்டில் படிப்பதற்காக எழுத்தில் தரப்படுகிறது.)



இன்று நாம் பேசப்போவது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் நடக்கும் ஒரு வாக்குவாதத்தைப் பற்றித்தான். அப்பா தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ முப்பது ஆண்டுகள் உழைத்தவர். மகன் கிராப் காடி ஓட்டுகிறான், அல்லது மோட்டாரில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறான். "இது என்னடா வேலை? இ.பி.எப். இல்லை, சொக்சோ இல்லை, லீவு இல்லை" என்கிறார் அப்பா. "எனக்கு முதலாளியே கிடையாதுப்பா. பிடித்தால் ஓட்டுவேன், பிடிக்காவிட்டால் போனை அணைத்து விடுவேன்" என்கிறான் மகன். அம்மா இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டே, "அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கிறார்.

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் தேநீர்க் கடைகளிலும் இதே பேச்சுதான். கூர்ந்து கேட்டால் அதில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. ஒன்று, "நீதான் உனக்கு முதலாளி" என்பது. இரண்டாவது, "இயந்திரம் முடிவு செய்தது, யாரைப் போய்க் கேட்பது?" என்பது. மூன்றாவது, "சட்டம் வந்தால் கம்பெனி மூட்டை கட்டிவிடும், இருக்கிற வேலையும் போய்விடும்" என்பது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அதன் பிறகு, நாளைக் காலையில் நீங்கள் என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

முதல் வாதம்: "நீதான் உனக்கு முதலாளி"

தம்பி, நீ முதலாளி என்றால் உன்னிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். ஒரு சவாரிக்கு எவ்வளவு கட்டணம் என்று நீ முடிவு செய்கிறாயா? உன் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை நீ வைத்துக்கொண்டு, அடுத்த முறை நேரடியாக அவருக்கு வேலை செய்ய உன்னை விடுகிறார்களா? நாளைக்கு கமிஷனையோ ஊக்கத்தொகையையோ மாற்றினால், மாற்றுவதற்கு முன் உன்னைக் கேட்டார்களா?

மூன்றுக்கும் இல்லை என்றுதான் பதில் வரும். மோட்டார் உன்னுடையது, பெட்ரோல் உன்னுடையது, டயர் தேய்வதும் உனக்குத்தான், மழையில் நனைவதும் நீதான். நட்டம் எல்லாம் உன் பக்கம், முடிவு எல்லாம் அவர்கள் பக்கம். இப்படி ஒரு முதலாளியை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கண்டதில்லை.

பெரியவர்களே, இது உங்களுக்குப் பழகிய கதைதான். நம் பாட்டன் பூட்டன் மலாயாவுக்கு வந்த காலத்தில் கங்காணி இருந்தான். ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தவன் அவன். தன் கீழ் உள்ள ஒவ்வோர் ஆளும் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தோட்ட நிர்வாகம் கங்காணிக்கு ஒரு தொகை கொடுத்தது. அதற்குத் தலைக்காசு என்று பெயர். ஆள் படுத்துவிட்டால் கங்காணிக்குக் காசு இல்லை. ஆகவே காய்ச்சலில் கிடப்பவனையும் அவன் எழுப்பினான். 1938-இல் இந்திய அரசு, மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவித்தொகையில் அனுப்புவதைத் தடை செய்த பிறகுதான் அந்த ஆள்பிடிப்பு முறை முடிவுக்கு வந்தது.

அதற்குப் பின் வந்தவர் யார்? குத்தகைக்காரர். குறிப்பாக 1980-களில் பல தோட்டங்களில் நேரடித் தொழிலாளர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, குத்தகைக்காரர் மூலம் ஆள் வைத்தார்கள். அதே நிரை, அதே மரம், அதே குலை. ஆனால், "நீங்கள் எங்கள் ஆள் இல்லை, குத்தகைக்காரரைப் போய்க் கேளுங்கள்" என்றது நிர்வாகம். குத்தகைக்காரரோ கையை விரித்தார். இடையில் இ.பி.எப். போனது, சொக்சோ போனது, மருத்துவ விடுப்பு போனது.

இன்று அந்தக் கங்காணி உங்கள் சட்டைப்பைக்குள் வந்துவிட்டான். காலையில் எழுப்புகிறான், எங்கே போகவேண்டும் என்கிறான், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கிறான், ஒவ்வொரு நடைக்கும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறான். கேட்டால், "நான் வெறும் செயலி, உன் முதலாளி இல்லை" என்கிறான். குத்தகைக்காரர் பேசிய அதே பேச்சு!

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரியல்லன். இந்த வேலையால் நம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. படிப்பு நின்றுபோன பிள்ளைக்கும், தொழிற்சாலை மூடி வேலை இழந்த ஐம்பது வயதுக்காரருக்கும் மறுநாளே வருமானம் கிடைக்க இது வழி செய்தது. நேர்முகத் தேர்வில் தோல் நிறத்தையும் பெயரையும் பார்த்துத் தள்ளுவோர் இருக்கும் நாட்டில், செயலி அதைக் கேட்காமல் வேலை தருகிறது என்று இளைஞர்கள் சொல்வதையும் நான் மதிக்கிறேன். தோட்டங்கள் விற்கப்பட்டு, கையில் நிலமும் முதலும் இல்லாமல் நகரத்துக்கு வந்த சமூகம் நாம். நம்மிடம் இருந்தது ஒரு மோட்டாரும் இரண்டு கைகளும்தான். அதனால்தான் இந்தத் தொழிலில் நம் பிள்ளைகளை இவ்வளவு பேராகக் காண்கிறோம். அவர்களோடு அதே வெயிலில் மலாய்க்காரப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் ஓடுகிறார்கள். அவர்கள் எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது?

நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. வேலை ஒப்பந்தம் வாய்மொழியாக இருக்கலாம், எழுத்தில் இருக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். அதில் செய்த ஒரு திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 101சி என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில், ஒருவரின் வேலை முறையையோ வேலை நேரத்தையோ இன்னொருவர் கட்டுப்படுத்தினால், அல்லது அவர் செய்யும் வேலை இன்னொருவரின் வணிகத்துக்கு இன்றியமையாத பகுதியாக இருந்தால், அவரைத் தொழிலாளர் என்றே சட்டம் அனுமானிக்கும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுபக்கத்துக்குப் போகும். சீனி குறைவாகத் தேநீர் கலக்கும் கடை உதவியாளருக்கும், வீட்டிலிருந்து பலகாரம் செய்து ஒரே கடைக்குக் கொடுக்கும் அம்மாவுக்கும் இந்தப் பிரிவு பயன்படக்கூடும்.

ஆனால் கவனியுங்கள், எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில்தான் அந்த அனுமானம் பிறக்கிறது. செயலி வேலையில் ஒப்பந்தம் இல்லையா? இருக்கிறது. முதல் நாள் செயலியைத் திறந்தபோது நாற்பது பக்கம் ஆங்கிலத்தில் ஓடியதே, கீழே 'சம்மதம்' என்ற பட்டனை ஒரே நொடியில் அழுத்தினீர்களே, அதுதான் ஒப்பந்தம். நீங்கள் தொழிலாளர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர் என்று அந்த நாற்பது பக்கத்தில் எங்கோ எழுதி இருக்கிறது.

இது எவ்வளவு பெரிய தடை என்பதைக் காட்டும் ஒரு வழக்கு உண்டு. கிராப் ஓட்டுநராக இருந்த ஒரு பெண்மணி, தன்னை நியாயமின்றி நீக்கிவிட்டார்கள் என்று 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் முறையிட்டார். அந்தப் புகாரைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப மனிதவள அமைச்சர் மறுத்தார். அம்முடிவை எதிர்த்து அவர் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் போனார். இ-ஹெய்லிங் ஓட்டுநர் அந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளர் அல்லர் என்று கூறி, 2021-இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. நீக்கியது நியாயமா என்ற கேள்விக்கே அவரால் போய்ச் சேர முடியவில்லை. வாசற்படியிலேயே கதவு சாத்தப்பட்டது.

அதே 2021-இல், பிப்ரவரி 19-ஆம் நாள், லண்டனில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் வேறு வழியில் சென்றது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்கக்கூடாது, நடப்பு என்ன என்று பார்க்கவேண்டும் என்றது. கட்டணத்தை யார் வைக்கிறார்? விதிகளை யார் எழுதுகிறார்? சவாரியை மறுத்தால் யார் தண்டிக்கிறார்? பயணிகள் கொடுக்கும் மதிப்பெண்ணை வைத்து யார் ஆளை வெளியேற்றுகிறார்? எல்லாவற்றுக்கும் கம்பெனி என்றே விடை வந்தது. ஆகவே அந்த ஓட்டுநர்கள் 'வொர்க்கர்' என்ற வகையில் வருவார்கள், குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்தோடு விடுப்பும் அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பானது.

இரு நாட்டுச் சட்டமும் ஒன்றல்ல. பிரிட்டனில் 'எம்ப்ளாயி' என்றும் 'வொர்க்கர்' என்றும் இரண்டு வகை உண்டு. இங்கே அந்த நடுவகை அப்போது இல்லை. ஆனால் லண்டனில் கேட்ட கேள்விகளை நாமும் கேட்கலாம். உங்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டிலும், கயிறு யார் கையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

இரண்டாவது வாதம்: "இயந்திரம் முடிவு செய்தது"

என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். காப்பார் பக்கத்து இளைஞர். மோட்டார் கடன், வீட்டு வாடகை, கைக்குழந்தை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கணக்கு முடங்கிவிட்டது. விதிமுறை மீறல் என்று இரண்டு வரிச் செய்தி. எந்த விதி, எந்த நாள், யார் புகார் செய்தது என்று ஒன்றும் இல்லை. பதில் கேட்டால் மீண்டும் மீண்டும் அதே இரண்டு வரி வந்தது. பேசுவதற்கு ஆள் இல்லை.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? இரண்டு ஆண்டுகளாக அவர் செய்த ஒவ்வொரு நடையும், பெற்ற ஒவ்வொரு வெள்ளியும், வாடிக்கையாளர் கொடுத்த நல்ல மதிப்பெண்ணும் அந்தச் செயலிக்குள்தான் இருந்தன. கணக்கு முடங்கிய நிமிடம் அவருக்கு அவை எல்லாம் மூடிக்கொண்டன. தான் நல்லவிதமாக வேலை செய்தவன் என்று காட்ட அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. தோட்டத்தில் கிராணியின் செக்ரோலில் பெயர் இருந்தது, சம்பளச் சீட்டு இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

நாங்கள் என்ன செய்தோம்? 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்தோம். வணிக நிறுவனம் ஒன்று உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெற அந்தச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. எழுத்தில் கேட்டால் 21 நாட்களுக்குள் அவர்கள் பதிலளிக்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். நடைப் பதிவுகள் வந்தன. தவறான முகவரி கொடுத்த ஒரு வாடிக்கையாளரின் புகார்தான் காரணம் என்பது அதிலிருந்து தெரிந்தது. ஐந்து வாரம் கழித்துக் கணக்கு திறந்தது. அந்த ஐந்து வார வருமானத்தை யாரும் கொடுக்கவில்லை. மோட்டார் தவணை இரண்டு மாதம் தவறியது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது.

ஆகவே, "இயந்திரம் முடிவு செய்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயந்திரத்துக்கு விதி எழுதியவர் ஒரு மனிதர். எத்தனை புகாருக்குக் கணக்கை முடக்கவேண்டும் என்று எண்ணைப் போட்டவர் ஒரு மனிதர். விளக்கம் கேட்காமலேயே முடக்கலாம் என்று அனுமதித்ததும் ஒரு மனிதர்தான். அந்த மனிதர்கள் ஒரு கம்பெனியில் இருக்கிறார்கள், அந்தக் கம்பெனிக்குப் பதிவு எண் உண்டு, முகவரி உண்டு. சட்டம் அந்த முகவரிக்குப் போகும்.

மூன்றாவது வாதம்: "சட்டம் வந்தால் கம்பெனி ஓடிவிடும்"

இதை முதலாளிகள் மட்டும் சொல்வதில்லை. ரைடர்களே சொல்கிறார்கள். "சார், எனக்குச் சுதந்திரம் வேண்டும். காலையில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு ஓட்டுவேன், மாலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். எட்டு மணி நேரம் கம்பெனியில் உட்காரச் சொன்னால் என்னால் முடியாது" என்கிறார்கள். நியாயமான பேச்சு. பணம் பிடித்தால் கையில் வருவது குறையும் என்று பயப்படுவதும் நியாயமே. மாதக் கடைசியில் பத்து வெள்ளிகூடப் பெரிய தொகையாக இருக்கும் வீடுகள் நம் வீடுகள்.

ஆனால் நேரம் உங்கள் விருப்பம் என்பதற்கும், அடிபட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி விற்பவர் யார்? நேரச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டே விபத்துப் பாதுகாப்பும் பெறமுடியும். பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 2024-இல் நிறைவேறிய தளத் தொழிலாளர் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு, சேமநிதிக்குக் கம்பெனியும் பங்கு கட்டுதல், தொழிலாளர் சார்பில் பேச அமைப்பு என்று மூன்றும் அதில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் 2023-இல் இத்தொழிலாளர்களுக்குத் தனியாக ஒரு நலவாரியம் அமைத்தார்கள்.

'கம்பெனி ஓடிவிடும்' என்ற பூச்சாண்டி நமக்குப் புதிதும் அல்ல. 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று நடைமுறைக்கு வந்தபோது, சிறு நிறுவனங்கள் தாங்காது என்று ஓலமிட்டார்கள். அதே குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. கடைகள் திறந்துதான் இருக்கின்றன. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த 1,700 வெள்ளி வேலைச் சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளிக்குத்தான். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் மோட்டாரில் இருக்கும் தம்பிக்கு அந்தத் தரையும் கிடையாது.

கட்டணம் கொஞ்சம் உயரலாம், மறைக்கவேண்டியதில்லை. நாமும் வாடிக்கையாளர்கள்தான். சாப்பாட்டோடு ஐம்பது காசு கூடக் கொடுக்க நேரலாம். நம் வீட்டுப் பிள்ளை அடிபட்டுக் கிடக்கும்போது உண்டியல் குலுக்குவதைவிட அது மலிவு.

2025-இல் வந்த சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஆகஸ்டில் டெலிவரி ரைடர்கள் பலர் செயலியை அணைத்துப் போராட்டம் நடத்தியது நினைவிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் கேட்டார்கள், எழுதினார்கள், நின்றார்கள். கடைசியில் 2025 ஆகஸ்டு 28-ஆம் நாள் மக்களவையிலும், செப்டம்பர் 9-ஆம் நாள் மேலவையிலும் கிக் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. சுமார் 12 லட்சம் பேருக்கு இது பயன்படும் என்று அரசு சொன்னது.

அதில் நல்லது என்ன? செயலி வேலை செய்பவருக்குச் சட்டத்தில் முதன்முறையாக ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. சேவை ஒப்பந்தத்தில் வேலை என்ன, வருமானம் எப்படிக் கணக்கிடப்படும் என்பன போன்ற விவரங்கள் இருக்கவேண்டும். நியாயமான காரணம் இல்லாமல் கணக்கை முடக்கக்கூடாது. தானியங்கி முறையில் கண்காணித்தோ முடிவு செய்தோ வந்தால், அதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்கவேண்டும். சச்சரவு வந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு முறை, அதில் தீராவிட்டால் சமரசப் பேச்சு, அதிலும் தீராவிட்டால் தனி நடுவர் மன்றம் என்று மூன்று படிகள் இருக்கின்றன. அந்தப் பெண் ஓட்டுநருக்கு 2021-இல் சாத்தப்பட்ட வாசலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்.

சொக்சோவும் உண்டு. 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு ஏற்கெனவே இருந்த திட்டம்தான். நாமே போய்க் கட்டவேண்டியிருந்ததால் பலர் கட்டவில்லை. புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு வருமானத்திலிருந்தும் 1.25 விழுக்காடு பிடித்துக் கட்டப்படும். நூறு வெள்ளிக்கு ஒரு வெள்ளி இருபத்தைந்து காசு. சிகிச்சைச் செலவு, வேலை செய்ய முடியாத நாட்களுக்கு உதவித்தொகை, நிரந்தர ஊனத்துக்கு உதவித்தொகை, உயிர் போனால் குடும்பத்துக்கு ஓய்வூதியம். இந்த ஒரு வெள்ளி இருபத்தைந்து காசைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள் தம்பி. அந்தக் காசு உங்கள் பிள்ளையின் பெயரில் போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

குறை என்ன? இச்சட்டம் உங்களை முழுத் தொழிலாளி என்று சொல்லவில்லை. நடுவில் ஓர் இருக்கை போட்டிருக்கிறது. சம்பளத்தோடு விடுப்பு, கட்டாய இ.பி.எப்., குறைந்தபட்சச் சம்பளம் ஆகியவை வேலைச் சட்டத்தின் தொழிலாளிக்கு இருப்பதுபோல் இவர்களுக்கு இல்லை. அதற்கு இன்னும் போராட வேண்டியிருக்கிறது. ஆனால் கிடைத்ததைப் பயன்படுத்தாமல் வைத்துக்கொண்டு கிடைக்காததைப் பற்றி மட்டும் பேசினால், இரண்டும் நம் கையை விட்டுப் போகும். எந்த உரிமையும் கேட்பவருக்குத்தான் வேலை செய்யும்.

நாளைக் காலையில் நீங்கள் செய்யவேண்டியவை

ஒன்று: வாரம் ஒரு முறை செயலியில் உள்ள வருமானப் பக்கத்தையும் மதிப்பெண் பக்கத்தையும் திரைப்படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். கணக்கு முடங்கிய பிறகு எடுக்கமுடியாது. கணினியில் உருவான ஆவணங்களை ஏற்க 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் வழி இருக்கிறது. அம்மா, இதை மகனுக்கு ஞாயிறுதோறும் ஞாபகப்படுத்தும் பொறுப்பை உங்களிடம் விடுகிறேன்.

இரண்டு: கணக்கு முடங்கினால் கோபத்தில் செயலியை அழித்துவிடாதீர்கள். வந்த செய்தியைச் சேமியுங்கள். எந்த விதி, எந்த நாள், என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் தரவைக் கேட்டுத் தனிக் கடிதம் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் பேசியதோடு போய்விடும், எழுத்துதான் நிற்கும்.

மூன்று: அண்ணன் கணக்கில் தம்பி ஓட்டுவது, கணவன் பெயரில் மனைவி ஓட்டுவது, கணக்கை மாத வாடகைக்கு விடுவது ஆகியவற்றை இன்றோடு நிறுத்துங்கள். அடிபட்ட நாளில் காப்புறுதியும் சொக்சோவும் கணக்கில் உள்ள பெயரைத்தான் பார்க்கும். ஒருவர் பெயரில் இன்னொருவர் செத்தால் குடும்பம் தெருவில் நிற்கும்.

நான்கு: விபத்து நடந்தால் போலீஸ் புகாரில், வேலை நேரத்தில், எந்த ஆர்டரைக் கொண்டுபோகும்போது நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமனே மோட்டார் விபத்து என்று எழுதினால், வேலை விபத்து என்று பின்னால் நிரூபிக்க அலையவேண்டி வரும்.

ஐந்து: கடை, தொழிற்சாலை, துப்புரவு வேலை செய்பவர்களுக்கு இது. வாட்ஸ்அப்பில் 'நாளை வரவேண்டாம்' என்று செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள். நீங்கள் தொழிலியல் உறவுச் சட்டம் சொல்லும் தொழிலாளி என்றால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் செய்யவேண்டும். அறுபத்தோராவது நாள் கண்ணீரோடு வந்தால் எங்களால் ஒன்றும் செய்யமுடியாது. சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். இரண்டிலும் புகார் செய்யக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

ஆறு: இ.பி.எப். கட்டாயம் இல்லை என்றாலும் சுயதொழில் செய்பவருக்கு ஐ-சாரான் திட்டம் உண்டு. நீங்கள் போடும் பணத்தோடு அரசும் ஒரு பங்கு சேர்க்கிறது. அறுபது வயதிலும் மோட்டாரில் போகும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

ஏழு: தனியாக நிற்காதீர்கள். ஒருவர் புகார் செய்தால் அது ஒரு டிக்கெட் எண். ஒரே இடத்தில் ஓட்டும் முப்பது பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் அதற்குக் கம்பெனி ஆள் அனுப்பும்.

கிள்ளான் மண்ணுக்கு ஒரு ஞாபகம்

இந்த மண்ணில் நின்றுகொண்டு 1941-ஐச் சொல்லாமல் முடிக்கமுடியாது. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச்.நாதன் முன்னணியில் இருந்தார். சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடு என்றார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கி பேசியது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

சைக்கிளிலிருந்து இறங்கமாட்டேன் என்பதற்குச் சம்பளத்தில் ஒரு காசுகூடக் கூடாது. ஆனாலும் அதைக் கேட்டார்கள். 'ஏன் இறங்கவேண்டும், காரணம் சொல்' என்று கேட்பது கூலியைப் போலவே தங்களுக்கு உரியது என்று, பள்ளிக்கூடம் பார்க்காத அந்த மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் மோட்டாரில் போகிறார்கள். எதிரே துரை வருவதில்லை, கைப்பேசியில் இரண்டு வரிச் செய்தி வருகிறது. காரணம் கேட்காமல் இறங்கிவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள், கெடு முடியும் முன் கேளுங்கள்.

இதைப் படித்து முடித்ததும், ஓட்டப் போகும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மேலே சொன்ன ஏழு குறிப்புகளையாவது வாசித்துக் காட்டுங்கள். அப்பாவும் மகனும் மேசையில் வாதாடட்டும், தவறில்லை. வாதம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் இந்தக் கூட்டத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது.